லாக்கில் டைம்அவுட் என்று வந்தால் போர்டை மாற்றணுமா?

ஜூன் 6, காலை. பணகுடிப் பக்கத்து வாசகர் கேட்டது:

"அண்ணாச்சி, காத்தாடி சைட்டில் இருந்து வண்ணார்பேட்டை ஆபீசுக்கு, தகவலைக் குறியாக்கம் செய்து அனுப்பும் ஐபிசெக் டனல் ஓடுகிறது. பழைய பவர்பிசி பெட்டி, இரண்டு கோர், குறியாக்கத்துக்கு சிப்புக்குள்ளேயே தனி எஞ்சின். லினக்ஸில் அந்த எஞ்சினை ஓட்டுவது டாலிடோஸ் டிரைவர். இந்த சீசன் தொடங்கியதில் இருந்து லாக்கில் 'டன் ஓவர்ஃப்ளோ, இன்டர்னல் டைம்அவுட், ஆர் ஆர்என்ஜியூ எரர்' என்று வருகிறது. வந்த உடனே டனல் ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி ஓடுகிறது. எஞ்சின் போய்விட்டது, போர்டையே மாற்றணும் என்று பெட்டி கொடுத்தவர்கள் சொல்கிறார்கள். நிஜமாகவே போய்விட்டதா? காற்று அடிக்கிற நேரத்தில் பெட்டியை இறக்க முதலாளி விடமாட்டார்."

ஜூன் 6, மதியம்

மாற்ற வேண்டாம். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம்.

அந்த வரியை இன்னொரு தடவை வாசியுங்கள். அதில் மூன்று காரணங்கள் இருக்கின்றன, நடுவில் 'ஆர்' என்று போட்டிருக்கிறது. முடிந்த வேலைகளுக்கான அறிவிப்பு நிரம்பி வழிந்திருக்கலாம், உள்ளே நேரம் கடந்திருக்கலாம், அல்லது ரேண்டம் எண் தரும் பகுதியில் கோளாறு இருக்கலாம். டிரைவர் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வதில்லை, ஒரே வரியில் கொட்டிவிடுகிறது. வாசிக்கிறவர் கண்ணுக்கு டைம்அவுட் மட்டும்தான் தெரிகிறது, உடனே ஹார்டுவேர் என்று முடிவு கட்டிவிடுகிறார்.

முதல் காரணத்தைப் பாருங்கள். 'டன் ஓவர்ஃப்ளோ' என்றால் எஞ்சின் வேலையை முடித்துவிட்டது, அறிவிப்பும் கொடுத்துவிட்டது, அதை வாங்க வேண்டிய சிபியு வரவில்லை, அடுத்தடுத்த அறிவிப்புகள் குவிந்துவிட்டன என்று பொருள். எஞ்சின் மெதுவாக ஓடினால் இது வராது, சிபியு மெதுவாகக் கவனித்தால்தான் வரும். பாபநாசத்தில் தண்ணீர் திறந்தாச்சு, நடுவில் ஒரு மடை அடைத்துக் கிடக்கிறது, பாளையங்கால்வாய்க் கடைமடையில் நிற்கிறவர் அணையைத் திட்டுகிறார். அந்தக் கதைதான் இது.

வரியின் கடைசியில் எஞ்சினின் நிலையைச் சொல்லும் ஐஎஸ்ஆர் என்று ஒரு எண் இருக்கும், அடிக்கோடு போட்டு இரண்டு பாதியாக. அதை எழுத்து விடாமல் அனுப்புங்கள். அந்த வரிக்கு முன்னால் வந்த இருபது வரிகளும் வேண்டும்.

ஜூன் 6, இரவு

எண் வந்தது. முதல் பாதியின் கடைசி எட்டு பிட்டுகள்தான் சேனல்களுக்கானவை, அதாவது எஞ்சினுக்குள் வேலை போகும் நான்கு தனி வழிகளுக்கானவை. ஹெக்ஸில் 55 என்றால் நான்கு சேனல்களின் 'முடிந்தது' பிட்டுகள், ஏஏ என்றால் நான்கின் 'பிழை' பிட்டுகள். நீங்கள் அனுப்பியதில் ஒரு இடத்தில்கூட பிழை பிட் இல்லை, எல்லாம் முடிந்தது பக்கம்தான். எனக்கு முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்தது.

இன்னொன்று. எஞ்சின் நினைவகத்தை நேரடியாகப் படித்து எழுதும் டிஎம்ஏவில் உண்மையான கோளாறு இருந்தால் இதே டிரைவர் 'மாஸ்டர் டேட்டா டிரான்ஸ்ஃபர் எரர்' என்று தனி வரியில் சொல்லும். எஞ்சினுக்குக் கொடுக்கும் வேலைச் சீட்டான டிஸ்கிரிப்டரில் தவறு என்றால் அதற்கும் தனி வரி உண்டு. உங்கள் லாக்கில் அவை ஒன்றும் இல்லை.

டனல் குலுங்குவதாகவும் சொன்னீர்கள். இந்த வரி வந்தால் டிரைவர் நிற்கிற வரிசைகளை எல்லாம் காலி செய்து எஞ்சினை ரீசெட் பண்ணிவிடும், நான்கு சேனலும் சேர்த்து. காலி செய்யும்போது ஒவ்வொரு டிஸ்கிரிப்டரின் தலைப்பையும் பார்க்கும். முடிந்த வேலையின் தலைப்பில் மேல் பைட் முழுக்க ஒன்றுகளாக எழுதப்பட்டிருக்கும், அதை வெற்றி என்றே திருப்பிக் கொடுக்கும். முடியாததைப் பிழை என்று தள்ளிவிடும், அந்தப் பாக்கெட் போச்சு. டிசிபி மறுபடி அனுப்பிச் சமாளித்துக்கொள்ளும். யுடிபியில் ஓடும் தகவல் இருந்தால் ஓட்டை விழும்.

ஆக, நோயை விட மருந்துதான் உங்களை அதிகம் படுத்துகிறது.

ஜூன் 7

பாளையங்கோட்டை நண்பர் ஒருவர், "டைம்அவுட் நேரத்தைப் பத்து மடங்கு கூட்டிவிட்டால் தீர்ந்தது" என்கிறார். இந்த டிரைவரில் கூட்டுவதற்கு அப்படி ஒரு டைமரே இல்லை, எஞ்சின் சிபியுவைக் கூப்பிடும் இன்டரப்ட்டைப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதுகிறது. மற்ற கார்டுகளில் இருக்கலாம். இருந்தாலும் கூட்டாதீர்கள். பொய்ப் பிழை மறையும், நிஜப் பிழை வரும்போது டனல் அதே பத்து மடங்கு நேரம் செத்துக் கிடக்கும்.

இன்னொருவர் அக்னி நட்சத்திரச் சூட்டில் சிப் வெந்திருக்கும் என்கிறார். அக்னி முடிந்து நாளாச்சு. பணகுடியில் இப்போது அடிக்கிற காற்றில் கன்ட்ரோல் ரூம் கதவைத் திறந்து வைத்தால் பெட்டியே பறந்துவிடும். சூட்டை நான் ஒதுக்கவில்லை, அதை உறுதி செய்ய எளிய வழி இருக்கிறது: சூடு என்றால் மதியம் கூடி விடியற்காலை குறையும். இவர் லாக்கில் நேரத்துக்கும் பிழைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜூன் 7, மாலை

அனுப்பிய இருபது வரிகளை இப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். பிழை வரிக்கு முன்னால் முழுக்க ஃபயர்வால் லாக். தடுத்த பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எந்த இன்டர்ஃபேஸ், மேக் முகவரி, மூல முகவரி, போகும் முகவரி, நீளம், டிடிஎல், போர்ட் எண். ஒரு வரி சுமார் 200 எழுத்து.

இரண்டு கேள்விகள். லினக்ஸ் தன் செய்திகளை அச்சடிக்கும் சீரியல் கன்சோலின் வேகம் எவ்வளவு? தடுக்கப்படுபவை எல்லாருக்கும் கத்தும் பிராட்காஸ்ட், அது எதில் இருந்து வருகிறது?

ஜூன் 8

பதில்: கன்சோல் 9600. பிராட்காஸ்ட், சீசனுக்கு முன்னால் வைத்த புதுக் காற்றுமானி லாகரில் இருந்து. "ஆனால் அண்ணாச்சி, சீரியல் போர்ட்டில் கேபிளே செருகவில்லையே" என்கிறார்.

கேபிள் இருக்கிறதா என்று சீரியல் போர்ட்டை ஓட்டும் யுஆர்ட் பார்ப்பதில்லை. ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்றால் காற்றுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கன்சோல் என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லி வைத்திருந்தால் ஒவ்வொரு எழுத்தும் அதே 9600-இல்தான் வெளியே போகும், படிக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இனி கணக்கு. 9600 பாட் என்றால் தொடக்க பிட், முடிவு பிட் எல்லாம் சேர்த்து எழுத்துக்குப் பத்து பிட், விநாடிக்கு 960 எழுத்து. 200 எழுத்து வரி ஒன்றுக்கு 208 மில்லி விநாடி. பழைய கெர்னலில் அந்த வரி வெளியே போகும்வரை அந்தக் கோரில் இன்டரப்ட் மூடியே இருக்கும். 208 மில்லி விநாடியில் 100 மெகாபிட் லிங்க்கில் 1500 பைட் பாக்கெட்டுகள் சுமார் 1,700 போய்விடும். எஞ்சினில் சேனலுக்கு 24 வேலைகள்தான் வரிசையில் நிற்கும். இந்தக் குடும்பச் சிப்புகளின் ஹார்டுவேர் பட்டியலான டிவைஸ் ட்ரீயில் அந்த எண் எழுதியே இருக்கிறது.

இரண்டு கோர் என்பது இங்கே நல்லதுக்கு இல்லை, கெட்டதுக்கு. ஒரே கோர் என்றால் அது அச்சடிக்கும்போது புதிதாக வேலை தள்ளவும் ஆள் இல்லை, எஞ்சினும் சும்மா இருக்கும். இரண்டு கோரில் ஒன்று அச்சடித்துக்கொண்டு இன்டரப்ட்டை வாங்காமல் நிற்கிறது, மற்றது எஞ்சினுக்கு வேலை தள்ளிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் முடித்துக்கொண்டே போகிறது, வாங்க ஆளில்லை. வழிந்துவிட்டது.

விநாடிக்கு ஐந்து வரி வந்தால் ஒரு கோர் முழுநேரமும் அச்சாபீஸ் வேலைதான் பார்க்கும். இதில் வேடிக்கை, அந்தப் பிழை வரியும் அதே கன்சோலில்தான் அச்சாகிறது. பிழை வந்தால் இன்னும் தாமதம், தாமதத்தால் இன்னொரு பிழை. லாக்கில் அவை கொத்துக் கொத்தாக வருவது அதனால்தான்.

பெட்டியை இறக்காமல் சோதிக்கலாம். டிமெஸ்ஜி (dmesg) கட்டளைக்கு -n போட்டு 1 கொடுங்கள். ஆபத்துச் செய்தி தவிர எதுவும் கன்சோலுக்குப் போகாது. லாக் கோப்பில் எல்லாம் வழக்கம்போல விழும், ஒன்றும் தொலையாது. ரீபூட் வேண்டாம், டனலைத் தொட வேண்டாம். நாளை இந்நேரம் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

ராதாபுரம் பக்கம் ஒரு சைட்டில் இருந்து முன்பு இதே மாதிரி ஒரு பெட்டி என்னிடம் வந்தது. போர்டை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போனவர்கள். என் மேசையில் வைத்து நாள் முழுக்க டிராஃபிக் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. சைட்டுக்குக் கொண்டுபோனால் அரை மணி நேரத்தில் பிழை. மேசையில் ஃபயர்வால் தடுக்கிற குப்பை டிராஃபிக் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதில் இருந்து யாராவது "மேசையில் ஓடுகிறது, சைட்டில் ஓடவில்லை" என்றால் போர்டைத் திறப்பதற்கு முன் கன்சோல் வேகத்தைத்தான் கேட்கிறேன்.

அந்தப் பெட்டியின் காற்றோட்டத் துளைகளில் ஆயுதபூஜைச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அதையும் சுரண்டி எடுத்தேன். அதுதான் காரணம் என்று அந்த சைட் சூப்பர்வைசர் இன்றுவரை நம்புகிறார். விட்டுவிட்டேன்.

ஜூன் 9

பணகுடி: "நேற்று ராத்திரியில் இருந்து இரண்டே இரண்டு. முன்பு ஒரு மணி நேரத்துக்கே அதை விட அதிகம் வரும்."

நல்லது. ஆனால் இரண்டு வருகிறது என்றால் இன்னும் ஏதோ இருக்கிறது. இரண்டும் விடியற்காலை பேக்கப் ஓடும் நேரம். ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து டாலிடோஸ் பெயர் உள்ள வரிகளைப் பாருங்கள்.

ஜூன் 9, பிறகு

இரண்டு வரி இருக்கிறது, இரண்டின் எண்ணிக்கையும் முதல் கோரில் மட்டுமே ஏறுகிறது. நினைத்ததுதான்.

சில சிப்புகளில் 0, 2 சேனல்களுக்கு ஒரு இன்டரப்ட், 1, 3 சேனல்களுக்கு இன்னொன்று என்று பிரித்திருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். பிரித்துக் கொடுத்தும் இரண்டும் ஒரே கோரில் விழுந்தால் பயன் இல்லை. நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட்டும் அங்கேயே இருக்கிறது. மேலும் முடிந்த வேலையைப் பொறுக்கும் பகுதி இன்டரப்ட்டுக்குள் நடப்பதில்லை. இன்டரப்ட் வந்ததும் டிரைவர் அந்த அறிவிப்பை மூடிவிட்டு வேலையைக் கொஞ்சம் பின்னால் செய்யும் டாஸ்க்லெட்டுக்குத் தள்ளும், டாஸ்க்லெட் முடிந்த பிறகுதான் மறுபடி திறக்கும். பேக்கப் அந்தக் கோரை நெரிக்கும்போது டாஸ்க்லெட் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்ற கெர்னல் புரோகிராமின் கைக்குப் போய் மற்ற புரோகிராம்களோடு வரிசையில் நிற்கும். அங்கேயும் அறிவிப்பு குவிகிறது.

ஒரு இன்டரப்ட்டை இரண்டாவது கோருக்கு மாற்றுங்கள். எந்தக் கோருக்கு என்று சொல்லும் எஸ்எம்பி அஃபினிட்டி கோப்பில் 2 எழுதினால் போதும். பேக்கப்பை நைஸ் 19, அதாவது கடைசி முன்னுரிமை, போட்டு ஓட்டுங்கள்.

ஜூன் 10

தென்காசி நண்பர் ஒருவர் நடுவில் புகுந்து தன் கதையைச் சொல்கிறார். வேறு கார்டு, தயாரிப்பாளர் கொடுத்த தனி டிரைவர். பூட் ஆகி ஐந்தாவது நிமிடம் ஒரு டைம்அவுட், ஒவ்வொரு பூட்டிலும் தவறாமல். அதன்பின் ஒன்றும் இல்லை. "ஐந்து நிமிடத்தில் சிப் சூடாகிறதா வே?"

இல்லை வே. கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. லினக்ஸில் நேரத்தை எண்ணும் ஜிஃபீஸ் என்ற எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, பூட் ஆகி ஐந்து நிமிடத்தில் 32 பிட் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். டிரைவர் எழுதியவர்கள் நேரத்தை நேரடியாகப் 'பெரிதா, சிறிதா' என்று ஒப்பிட்டிருந்தால் அந்தத் தவறு ஐந்தாவது நிமிடத்திலேயே வெளிவரட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. இல்லாவிட்டால் அது ஆயிரம் ஹெர்ட்ஸ் டிக்கில் 49.7 நாள் கழித்து, 250-இல் 198.8 நாள் கழித்து, 100-இல் 497 நாள் கழித்துத்தான் முகம் காட்டும். அதற்குள் எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். டைம் ஆஃப்டர் என்ற மேக்ரோவைப் போட்டு ஒப்பிட்டால் சரியாகிவிடும். டிரைவரின் மூல நிரல் உங்களிடம் இருந்தால் ஒரு வரி மாற்றம்.

அம்பாசமுத்திரத்தில் இருந்து இன்னொருவர்: மெய்நிகர் கணினியான விஎம்முக்குள் ஓடும் கேட்வே, ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது மட்டும் டைம்அவுட். இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். விஎம் உறைந்து நிற்கும், எழுந்ததும் டைமர் "நேரம் போய்விட்டது" என்கும். ஸ்னாப்ஷாட்டை டிராஃபிக் இல்லாத நேரத்துக்குத் தள்ளுங்கள்.

ஜூன் 10, இரவு

டிரைவர் எழுதுகிறவர்கள் யாராவது படித்தால், இது உங்களுக்கு.

கெர்னலில், ஹார்டுவேரின் நிலை காட்டும் ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்துக் காத்திருக்க ஒரு மேக்ரோ இருக்கிறது, ரீட்எல் போல் டைம்அவுட் என்று. அதன் உள்ளே பாருங்கள். நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்ததும் உடனே பிழை சொல்வதில்லை. ரெஜிஸ்டரைக் கடைசியாக ஒரு தடவை படித்துவிட்டுத்தான் சொல்கிறது. காத்திருந்த புரோகிராமையே நடுவில் சிபியு எடுத்து ஓரம் வைத்திருக்கலாம். அது திரும்பி வரும்போது நேரம் போயிருக்கும், ஹார்டுவேரோ எப்போதோ முடித்திருக்கும். அந்த ஒரு கூடுதல் வாசிப்பு இல்லாத டிரைவர் நிரபராதியைப் பிடித்து உள்ளே போட்டுவிடும். சொந்தமாகச் சுற்று எழுதுகிற டிரைவர்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அடுத்து, கடிகாரத்தை எப்போது தொடங்குகிறார்கள் என்று பார்ப்பேன். வேலையை மென்பொருள் வரிசையில் போட்ட கணத்தில் தொடங்கினால், முன்னால் நிற்கும் மற்ற வேலைகளின் நேரமும் கார்டின் கணக்கில் ஏறிவிடும். கார்டு கையில் எடுத்தபின் தொடங்க வேண்டும்.

ஜூன் 12

பணகுடியில் இருந்து: பிழை வரி இல்லை. ஆனால் புதுப் பிரச்சினை, பெரிய ஃபைல் இழுக்கும்போது வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம்.

அது நான் சொன்ன அஃபினிட்டி மாற்றத்தின் பக்கவிளைவாக இருக்கலாம். இரண்டு கோரில் வேலை முடிந்தால் பாக்கெட் வரிசை மாறும். ஐபிசெக்கில் பழைய பாக்கெட்டை மறுபடி விளையாடும் தந்திரத்தைத் தடுக்க ஒரு சாளரம் உண்டு, ஸ்ட்ராங்ஸ்வான் என்ற ஐபிசெக் மென்பொருளில் இயல்பாக 32 பாக்கெட். அதற்குப் பின்னால் தங்கிவிட்ட பாக்கெட் நல்லதாக இருந்தாலும் குப்பைக்குப் போகும். ப்ராக் அடைவில் நெட் என்பதன் கீழ் எக்ஸ்எஃப்ஆர்எம் ஸ்டாட் கோப்பைப் பாருங்கள். உள்வரும் சீக்வென்ஸ் பிழை என்ற எண் ஏறுகிறதா? இரண்டு முனையிலும் பாருங்கள், வண்ணார்பேட்டைப் பெட்டியில்தான் ஏறும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, மாலை

வண்ணார்பேட்டையில்தான் ஏறுகிறது. சாளரத்தை 128 ஆக்குங்கள். டனலை ஒரு தடவை இறக்கி ஏற்றினால்தான் புது எண் எடுக்கும், மதிய சாப்பாட்டு நேரத்தில் செய்யுங்கள்.

அப்புறம் நேற்று ஒருவர் கேட்டதற்கு: எஞ்சினை விட்டுவிட்டு மென்பொருளிலேயே குறியாக்கம் செய்து பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் டிரைவர் மாட்யூலை எடுத்துவிட்டாலே மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். டாலிடோஸின் முன்னுரிமை எண் 3000, பொது ஏஇஎஸ்ஸின் எண் 100. டனல் போடும் நேரத்தில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும், அதன்பின் மாறாது. ஓடும் டனல் பிடித்துக்கொண்டிருந்தால் மாட்யூலும் கழன்று வராது. டனலை இறக்கி, மாட்யூலை எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும்.

ஜூன் 13

"அப்படியானால் எப்போதுதான் போர்டை மாற்றுவது?" என்று பெட்டி கொடுத்த தரப்பில் இருந்து யாரோ, பெயர் போடாமல். நியாயமான கேள்வி.

தனி பிசிஐ கார்டு என்றால் ரெஜிஸ்டரைப் படித்துப் பாருங்கள், எல்லா பிட்டும் 1 என்றே வந்தால் கார்டு பஸ்ஸில் இருந்தே விழுந்துவிட்டது. ஸ்லாட், பவர், கார்டு, இந்த வரிசையில் சந்தேகப்படலாம். சிப்புக்குள் இருக்கும் எஞ்சினில் அப்படி விழ வழியில்லை. அங்கே டிஸ்கிரிப்டர் தலைப்பைப் பார்க்கணும்: எஞ்சின் எடுத்துக்கொண்ட வேலை, போதுமான நேரம் போனபின்னும் முடிந்தது என்ற குறி விழாமல் நினைவகத்தில் கிடந்தால், கன்சோலை அடக்கியபின்னும் அப்படியே கிடந்தால், எஞ்சின் மேல் கை வைக்கலாம். மாஸ்டர் டேட்டா டிரான்ஸ்ஃபர் எரர் திரும்பத் திரும்ப வந்தாலும் சும்மா விடக்கூடாது, மெமரியையும் சேர்த்துச் சோதியுங்கள். சைட்டில் வோல்டேஜ் இறங்கி ஏறும் நேரத்தோடு அவை ஒத்துப்போகிறதா என்று யுபிஎஸ் லாக்கை வைத்துப் பாருங்கள். நம் பக்கத்து லைனில் அது சாதாரணம்.

ஜூன் 16

பணகுடி: சாளரம் மாற்றியபின் வேகம் பழையபடி. கன்சோலை 115200-க்கு மாற்றிவிட்டால் லாக் வரிகளை மறுபடி கன்சோலிலேயே பார்க்கலாமா என்று கேட்கிறார்.

பார்க்கலாம், ஆனால் எதற்கு? அந்த வேகத்திலும் ஒரு வரிக்கு 17 மில்லி விநாடி இன்டரப்ட் மூடிக் கிடக்கும். 24 வேலைகள் முடிய அதில் சிறு பங்கு போதும். கன்சோலுக்கு எந்தச் செய்தி போகும் என்று சொல்லும் கெர்னல் பிரிண்ட்கே அமைப்பைப் பூட்டிலேயே தாழ்த்தி வையுங்கள். ஃபயர்வால் லாக் விதிக்கு லிமிட் போடுங்கள், நிமிடத்துக்கு ஆறு வரி தாராளம். முக்கியமாக அந்தக் காற்றுமானி லாகருக்கு லாக் செய்யாமல் தடுக்கும் விதி ஒன்றை மேலே சேருங்கள். அது விநாடிக்கு ஒரு தடவை கத்துவதை யாரும் படிக்கப்போவதில்லை.

ஜூன் 16, பிறகு

லாகர் கொடுத்தவர்களிடம் கேட்டால் அந்த பிராட்காஸ்ட்டை நிறுத்த ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறதாம். அதையும் எடுத்துவிட்டார். விதி இருக்கட்டும், அடுத்த ஃபர்ம்வேர் அப்டேட்டில் டிக் தானாகத் திரும்பி வந்துவிடும்.